கிணற்றுக்குள் இறங்கும் ஆளும் கரையில் நிற்கும் நாமும்

(வானொலி உழவர் பேச்சு)



கோடை வந்துவிட்டால் நம் ஊர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் தண்ணீர்ப் பேச்சுதான். ஒருத்தர் கிணற்றை ஆழப்படுத்துகிறார். இன்னொருத்தர் தூர் வாருகிறார். வேறொருத்தர் தோட்டத்தில் போர் வண்டி நிற்கிறது. எத்தனை அடி போயிற்று, எத்தனை இஞ்சு தண்ணீர், அடிக்கு என்ன ரேட் என்றெல்லாம் கேட்கிறோம். அந்த வேலையைச் செய்கிற ஆட்களைப் பற்றி மட்டும் அவ்வளவாகக் கேட்பதில்லை. இன்றைக்கு அவர்களைப் பற்றியும், அவர்களை வேலைக்கு வைக்கிற நம்முடைய பொறுப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இதில் நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். கிணறு நம்முடையது. அதற்குள் இறங்குகிறவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், சில சமயம் நம் வீட்டுப் பிள்ளையே. போர் வண்டியிலும் நம் கிராமத்து இளைஞர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள்.

என்னென்ன வேலைகள்?

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. அதனால் மேற்கு மாவட்டங்களிலும் வடக்கு மாவட்டங்களிலும் கிணறு வெட்டுவது என்றால் பாறையோடு மல்லுக்கட்டுகிற வேலைதான். குழி போட்டு வெடி வைக்க ஓர் ஆள், உடைந்த கல்லைத் தொட்டியில் அள்ளிப் போட நாலைந்து பேர், மேலே கிரேனை இயக்க ஓர் ஆள், கரையில் நின்று சைகை காட்ட ஓர் ஆள் என்று ஒரு செட்டாகத்தான் வருவார்கள். ஆற்றுப்படுகைகளில் உறை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காவிரி டெல்டாவில் பில்டர் பாயிண்ட் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

போர் போடும் கம்பெனி என்றால் திருச்செங்கோட்டைச் சொல்லாமல் முடியாது. நாமக்கல் மாவட்டத்து அந்த ஊரின் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போகின்றன. ஒரு வண்டியில் டிரில்லர் இருப்பார், டிரைவர் இருப்பார், கணக்குப் பார்க்க ஒருவர் இருப்பார். இவர்களோடு ராடு மாட்டிக் கழற்றும் ஹெல்பர்கள் சிலர். இந்த ஹெல்பர் வேலைக்கு இப்போது பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். லாரிதான் அவர்களுக்கு வீடு. ராத்திரி பகல் என்று பார்க்காமல் வேலை நடக்கும்.

இன்னொரு கூட்டம் சர்வீஸ் ஆட்கள். நீர்மூழ்கி மோட்டார் ரிப்பேர் என்றால் முக்காலியும் செயின் பிளாக்கும் கொண்டு வந்து குழாயை ஒவ்வொன்றாக மேலே தூக்குகிறார்களே, அவர்கள்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 20 அடி விட்டமுள்ள ஒரு கிணற்றை ஒரே ஓர் அடி ஆழப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 314 கன அடி பாறையை உடைத்து எடுக்க வேண்டும். ஒரு கன அடி பாறை சுமார் 75 கிலோ. ஆக, ஓர் அடிக்கு ஏறத்தாழ 23 டன்! அத்தனையும் மனிதர் கையால் அள்ளித் தொட்டியில் போட்டாக வேண்டும். “என்னங்க, ஓர் அடிக்கு இவ்வளவு கேக்கறீங்க?” என்று பேரம் பேசுகிறபோது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத எமன்

கிணற்று வேலையில் ஆளைக் கொல்வது கல்லும் மண்ணும் மட்டுமல்ல. காற்றும் கொல்லும். நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு சுமார் 21 பங்கு பிராண வாயு இருக்கிறது. அது 19.5 பங்குக்குக் கீழே இறங்கினாலே அந்த இடம் ஆபத்தானது என்று கொள்ள வேண்டும். 10 பங்குக்கும் கீழே போனால் ஆள் சத்தம் கூடப் போடாமல் மயங்கிச் சரிந்துவிடுவார்.

கிணற்றில் பிராண வாயு ஏன் குறைகிறது? நெடுநாள் பயன்படாத கிணற்றில் இலை, தழை, செத்த பிராணிகள் விழுந்து அழுகும். அப்படி அழுகும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது சாதாரணக் காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே எழும்பாமல் அடியிலேயே தங்கிவிடும். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இன்னொரு நச்சு வாயுவும் கிளம்பலாம். இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிருச்சு, இனி ஒண்ணுமில்ல” என்று நினைப்பதுதான் ஆபத்து.

மூன்றாவது, இன்ஜின் புகை. டீசல் இன்ஜினையோ பெட்ரோல் இன்ஜினையோ கிணற்றுக்குள் படிக்கட்டில் இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்தால் அதன் புகை கிணற்றுக்குள்ளேயே தேங்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வெடி வைத்த பிறகும் இதே வாயு கிணற்றில் தேங்கி நிற்கும்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது என்பது நிச்சயம். ஆனால், “விளக்கு எரியுதே, அப்புறம் என்ன?” என்று இறங்குவது தவறு. பிராண வாயு 16, 17 பங்குக்கு இறங்கும் வரை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு முன்பே அந்த இடம் மனிதனுக்கு ஆபத்தாகிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு இருப்பதையும் விளக்கு காட்டிக் கொடுக்காது. போதாததற்கு, எரியக்கூடிய வாயு தேங்கியிருந்தால் விளக்கே தீயை மூட்டிவிடும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும், தண்ணீரை வாரித் தெளிப்பதும் காற்றைக் கொஞ்சம் கலக்கிவிடும். அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி ஆளை இறக்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? காற்றூதியோடு நீளமான குழாயை இணைத்து, குழாயின் முனை கிணற்றின் அடிவரை போகும்படி விட்டு, நல்ல காற்றை உள்ளே செலுத்த வேண்டும். ஆள் இறங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். ஆள் உள்ளே இருக்கும் வரை நிறுத்தவும் கூடாது. காற்றூதியின் வாய் இன்ஜின் புகை வரும் பக்கம் இருக்கக் கூடாது. வாயுவை அளக்கும் கருவி கைக்கு அடக்கமாக இப்போது கிடைக்கிறது. அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பார்த்துவிட்டு ஆளை இறக்கும் சர்வீஸ்காரரிடம் வேலையைக் கொடுப்பதே நல்லது.

முதல் ஆளும் இரண்டாவது ஆளும்

இப்போது நான் சொல்லப் போவதை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றில் ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே நிற்கும் அண்ணனோ தம்பியோ பதறிப்போய் உடனே உள்ளே குதிக்கிறார். அவரும் மயங்குகிறார். மூன்றாவது ஆள் இறங்குகிறார். ஒரே கிணற்றில் அடுத்தடுத்து இரண்டு மூன்று உயிர்கள் போவது இப்படித்தான். முதல் ஆளை வீழ்த்திய காற்று அடுத்த ஆளுக்காக மாறிவிடாது. பாசத்துக்கும் தைரியத்துக்கும் அது கட்டுப்படாது.

ஆகவே, இறங்குகிறவர் உடம்பில் முதலிலேயே கயிறு இருக்க வேண்டும். வெறும் இடுப்புக் கயிறு போதாது. மயங்கிய ஆளை இடுப்பில் மட்டும் கட்டித் தூக்கினால் தலைகீழாகக் கவிழ்ந்துவிடுவார். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் சேப்டி பெல்ட் வேண்டும். கயிற்றின் மறுமுனை உறுதியான இடத்தில் கட்டப்பட்டு, மேலே இரண்டு பேர் எந்நேரமும் நிற்க வேண்டும். அவர்கள் டீக்கடைக்குப் போகக் கூடாது, போனில் பேசிக்கொண்டும் இருக்கக் கூடாது. அடிக்கடி குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வரவில்லையா? உடனே இழுத்துவிட வேண்டும். கீழே இறங்காமலே காப்பாற்றுவதற்கு இருக்கும் வழி அந்தக் கயிறுதான்.

கயிறு இல்லாமல் போய்விட்டால்? காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே 101-க்கோ 112-க்கோ போன் செய்து தீயணைப்புப் படையை அழையுங்கள். 108 ஆம்புலன்சையும் வரச் சொல்லுங்கள். சுவாசக் கருவி மாட்டிய தீயணைப்பு வீரர் வரும் வரை வேறு யாரையும் இறங்க விடாதீர்கள். அந்த நேரத்தில் அப்படித் தடுத்து நிறுத்துவது கல்நெஞ்சமல்ல. இன்னொரு வீட்டில் ஒப்பாரி விழாமல் தடுக்கிற வேலை அது.

மேலிருந்து விழும் கல்

50 அடி உயரத்திலிருந்து ஒரு கல் விழுந்தால் இரண்டு விநாடிக்குள் அடியைத் தொட்டுவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். கீழே இருக்கும் ஆளுக்கு ‘ஏய்’ என்று குரல் கேட்டு, நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தலைக்கவசம் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. தொட்டியை வாய்வரை நிரப்பக் கூடாது. தொட்டி மேலே போகும்போது அதற்கு நேர் கீழே நிற்கக் கூடாது. அந்தத் தொட்டியிலேயே ஆள் ஏறி வருவதும் கூடாது.

கிரேனின் கம்பிக் கயிற்றை வேலை தொடங்கும் முன் தினமும் பார்க்க வேண்டும். இழை அறுந்து சிலும்பி நின்றால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். தோண்டிய மண்ணையும் கல்லையும் கிணற்று விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. நாலைந்து அடியாவது தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பில் குவித்த பாரமே கரையைச் சரித்துவிடும். மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது இன்னும் ஆபத்து. ஈர மண் ஒரு கன அடி சுமார் 50 கிலோ எடை. நெஞ்சளவு மண்ணில் புதைந்த ஆளால் மூச்சை இழுத்து விடவே முடியாது.

வெடி வைக்கும் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். யாரிடமோ தோட்டா வாங்கி நாமே வைத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். வெடித்ததும் இறங்காமல், காற்றைச் செலுத்திப் புகையை வெளியேற்றிவிட்டு, வெடிக்காத குழி எதுவும் மிச்சமிருக்கிறதா என்று வெடிக்காரர் பார்த்துச் சொன்ன பிறகே மற்றவர்கள் இறங்கலாம்.

மின்சாரமும் குழாயும்

தூர் வாரவோ மோட்டார் தூக்கவோ ஆள் வந்தால், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பீஸ் கட்டையைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விவரம் தெரியாத யாரோ வந்து சுவிட்சைப் போட்டாலும் கிணற்றில் இருப்பவர் பிழைப்பார்.

குழாய் தூக்கும் வேலையில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. குழாய் ஒன்று 20 அடி நீளம். நிமிர்த்திப் பிடித்தால் மேலே போகும் மின்கம்பியில் பட்டுவிடலாம். ரிக் வண்டியின் கோபுரமும் அப்படித்தான். ஆகவே போர் பாயிண்ட் பார்க்கிறபோதே தலைக்கு மேலும் ஒரு தரம் பாருங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் பாயிண்டைத் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி லைனை நிறுத்தி வேலை செய்யுங்கள். தவறிப் போய் வண்டி கம்பியில் பட்டுவிட்டால், லைன் நின்றதை மின்வாரியத்தார் உறுதி செய்யும் வரை அதைத் தொடாதீர்கள், பக்கத்திலும் போகாதீர்கள்.

எடையும் சாதாரணமல்ல. ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் ஒரு நீளம் 15 முதல் 20 கிலோ. 300 அடிக்கு 15 குழாய். ஆக, குழாய் மட்டுமே கால் டன் எடைக்கு வந்துவிடும். அதோடு உள்ளே நிற்கும் தண்ணீர், மோட்டார் வேறு. “ரெண்டு ஆளப் பிடிச்சாப் போதும், இழுத்துரலாம்” என்று கையால் இழுக்கப் போய் விரல் போனவர்களும், இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ரிக் வண்டி ஓடும்போது

ரிக் வண்டி வந்தால் பூஜை போடுகிறோம், தேங்காய் உடைக்கிறோம். ஊரே கூடி நிற்கிறது. கூடுவதில் தப்பில்லை, ஆனால் தள்ளி நில்லுங்கள். கம்ப்ரசர் காற்றின் அழுத்தம் லாரி டயர்க் காற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அந்த ஓஸ் பிடுங்கிக்கொண்டால் பாம்பு மாதிரிச் சுழன்று அடிக்கும். சுற்றுகிற ராடு அருகே லுங்கி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் கூடாது. துணியை ராடு இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

தண்ணீர் படும் வரை குழியிலிருந்து வெள்ளைப் புழுதி பறக்கிறதே, அது வெறும் மண்ணல்ல, பாறைத் தூள். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாக்கிவிடுகிறது. இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இருமல், மூச்சிரைப்பு என்று காசநோய் போலவே தெரியும். காசநோய்க்கு மருந்து உண்டு. இதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. துண்டை மூக்கில் கட்டினால் இந்த நுண்ணிய தூள் நிற்காது. தூளை வடிகட்டும் சரியான முகமூடி வேண்டும். புழுதியில் தண்ணீரைக் கலந்து அடக்க வேண்டும். காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, புழுதி வராத பக்கம் நிற்க வேண்டும். சத்தத்துக்குக் காதடைப்பான் வேண்டும். இவற்றைக் கொடுப்பது கம்பெனியின் கடமை. கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை.

நாமும் ஒன்று செய்யலாம். இரவெல்லாம் ஓட்டிய ஆட்களை, “இன்னும் 100 அடி போட்டுட்டுப் போங்க” என்று நெருக்காமல் இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் ராடு மாற்றுகிற கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குடிக்க நல்ல தண்ணீரும், உட்கார நிழலும் கொடுப்பது நமக்குப் பெரிய செலவில்லை.

அடிக் கணக்கில் சண்டை வராமல் இருக்க ஒரு யோசனை. ராடின் நீளத்தை முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டு, இறங்குகிற ராடை டிரில்லரோடு சேர்ந்து எண்ணுங்கள். 20 அடி ராடு 23 இறங்கினால் 460 அடி. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

கூலியும் பாதுகாப்பும்

உங்கள் பிள்ளை போர் வண்டி வேலைக்குப் போவதாக இருந்தால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு? அடிக்கு இவ்வளவு என்று தனியாகப் படி உண்டா? காப்பீடு எடுத்திருக்கிறார்களா? எந்த ஊருக்குப் போகிறது வண்டி? சம்பளத்துக்குச் சீட்டு தருவார்களா? 18 வயது ஆகாத பையனை அனுப்பவே அனுப்பாதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தால் அது கடன்தானே தவிர ஆளையே எழுதிக் கொடுத்ததாக ஆகாது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்தே தடை செய்திருக்கிறது.

வேலையில் அடிபட்டாலோ உயிர் போனாலோ இழப்பீடு உண்டு. 1923-ம் வருஷத்துச் சட்டத்தின் பட்டியலிலேயே கிணறு தோண்டுவது, ஆழப்படுத்துவது, போர் போடுவது ஆகிய வேலைகள் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த ஏற்பாடு இப்போது 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. இழப்பீட்டை மாதக் கூலியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கூலிக்குச் சீட்டு எதுவும் இல்லையென்றால் குடும்பம் அலைய வேண்டியிருக்கும். அதனால்தான் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் அமைக்கப்பட்டது. அதன் தொழில் பட்டியலில் கிணறு தோண்டுகிறவர்களும், கிணற்றில் மூழ்கித் தூர் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் ஊர்க் கிணற்று ஆட்களில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எழுதத் தெரிந்த பிள்ளைகள் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம். ஊருக்குச் செய்கிற நல்ல காரியம் அது.

ஆட்கள் போன பிறகு

வேலை முடிந்து வண்டி போய்விட்டது. தண்ணீர் விழவில்லை. மனம் வெறுத்துக் குழியை அப்படியே விட்டுவிடுகிறோம். 2019 அக்டோபர் 25-ம் தேதி திருச்சி மாவட்டம் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட ரிக் இயந்திரம் வந்தும் கடினப் பாறை வழிவிடவில்லை. 29-ம் தேதி உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதற்கு வழிமுறை சொல்லியிருக்கிறது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்த நிறுவனத்தைக் கொண்டே போட வேண்டும். வேலை நடக்கும்போது அறிவிப்புப் பலகையும் முள்கம்பி வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் அகலத்துக்கு, 30 சென்டிமீட்டர் தரைக்கு மேலும் 30 சென்டிமீட்டர் தரைக்குக் கீழும் இருக்கும்படி சிமெண்ட் மேடை கட்ட வேண்டும். வாயை இரும்பு மூடி போட்டு வெல்டிங் செய்யவோ போல்ட் நட்டு கொண்டு முடுக்கவோ வேண்டும். கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், போரிலிருந்து வந்த தூள் இவற்றால் நிரப்பிவிட வேண்டும்.

கோணிப்பையைச் சொருகி வைப்பதும், கல்லைத் தூக்கி வைப்பதும் மூடியாகாது. பாக்கிப் பணத்தைத் தருவதற்கு முன், “மூடியைப் போட்டுட்டுப் போங்க” என்று கம்பெனிக்காரரிடம் சொல்லுங்கள். வண்டி நகர்வதற்குள் அந்த வேலை முடிந்திருக்கட்டும்.

அடுத்த தரம் கிணற்று வேலைக்கு ஆள் பேசுகிறபோது, கூலி என்ன என்று கேட்ட கையோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். காற்றூதி இருக்கிறதா? பெல்ட்டும் கயிறும் இருக்கிறதா? மேலே நிற்க இரண்டு ஆள் உண்டா? இல்லை என்றால், “ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லைங்க, எல்லாத்தையும் கொண்டுட்டு வாங்க” என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் கிணறு எங்கேயும் போய்விடாது.